கட்டம் போட்ட கம்பளியும் கெல்ட்டியர் போன வழியும்

கேள்வி இது: ஆஸ்திரியாவின் உப்புச் சுரங்கத்திலும், சீனத்தின் மேற்குக் கோடியில் ஹாமி நகருக்கு அருகே உள்ள கல்லறைகளிலும் ஏறத்தாழ ஒரே மாதிரியான கட்டம் போட்ட கம்பளித் துணிகள் கிடைத்திருக்கின்றன, அப்படியானால் ஐரோப்பாவின் பழங்காலக் கெல்ட்டியர் அவ்வளவு தொலைவு போய்ச் சேர்ந்தார்கள் என்று கொள்ளலாமா? ஸ்காட்லாந்தின் தார்த்தான் என்னும் கட்டத்துணியும் அதே மரபில் வந்ததுதானா?

முதல் கேள்விக்கு என் பதில், கொள்ள முடியாது என்பது. இரண்டாவதற்கு, துணிக்கு ஆம், அதன் மேல் இன்று ஏற்றப்பட்டிருக்கும் குலப்பெயர்களுக்கு இல்லை. இப்படிச் சொல்வதற்கான காரணம் துணியைக் கையில் எடுத்துப் பிரித்துப் பார்த்தால்தான் விளங்கும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கட்டம் போட்ட துணி என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் மூன்று தனித்தனிச் செய்திகளின் சேர்க்கை. இழை எதனால் ஆனது என்பது ஒன்று. நீளவாக்கில் ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடையும் எப்படிப் பின்னிக்கொள்கின்றன என்பது இன்னொன்று. எந்த நிற இழைக்குப் பிறகு எந்த நிற இழை, எத்தனை எத்தனை வருகிறது என்பது மூன்றாவது. நம் ஊர்க் கைலியிலும் கட்டம் உண்டு. ஆனால் அதன் இழை பருத்தி, நெசவு ஒன்றின் மேல் ஒன்றின் கீழ் என்று செல்லும் வெற்று நெசவு. ஹால்ஸ்டாட் என்னும் அந்த ஆஸ்திரியச் சுரங்கத்திலும் ஹாமியிலும் கிடைத்தவை ஆட்டு ரோமத்தில், ட்வில் நெசவில் அமைந்தவை. ஒவ்வொரு ஊடை இழையும் இரண்டு பாவு இழைகளின் மேலும் அடுத்த இரண்டின் கீழும் செல்லும். அடுத்த வரிசையில் ஓர் இழை தள்ளி அதே ஆட்டம் நடக்கும். அதனால்தான் ஜீன்ஸ் துணியில் தெரிவது போன்ற சாய்ந்த வரி துணி முழுக்க ஓடுகிறது. இந்த நெசவில் இழைகள் ஒன்றையொன்று நெருக்கி உட்கார இடம் கிடைக்கிறது. குளிர்நாட்டுக்கு வேண்டிய கனமும், அதே சமயம் மடிந்து விழும் தன்மையும் அதிலிருந்து வருகின்றன.

ஹால்ஸ்டாட் என்பது மேல் ஆஸ்திரியாவில் ஏரிக்கரையை ஒட்டிய மலைச்சரிவில் இருக்கும் சிற்றூர். 1846இல் அங்கே சுரங்க அதிகாரியாக இருந்த யோஹான் கேயார்க் ராம்சாவர் என்பவர் ஒரு பழைய இடுகாட்டைக் கண்டு, 1863 வரை 980 கல்லறைகளைத் தோண்டிப் பதிவு செய்தார். ஐரோப்பிய இரும்புக் காலத்தின் முற்பகுதிக்கே அந்த ஊரின் பெயர் நிலைத்தது அதனால்தான். ஆனால் துணி கிடைத்தது இடுகாட்டில் அன்று, சுரங்கத்தில். வெண்கலக் காலத்திலிருந்தே அங்கே உப்பு வெட்டினார்கள். உடைந்த மண்வெட்டிப் பிடி, எரிந்து தீர்ந்த பந்தக் குச்சி, கிழிந்த துணி எல்லாவற்றையும் அப்படியே உள்ளே போட்டுவிட்டுப் போனார்கள். மலையின் அழுத்தம் காலப்போக்கில் அவற்றை உப்போடு சேர்த்து இறுக்கிப் பாறையாக்கிவிட்டது. பிற்காலச் சுரங்கத் தொழிலாளர் அந்தப் பாறையை ஹைடன்கெபிர்கே, அதாவது பிற சமயத்தாரின் மலை, என்று அழைத்தார்கள். கம்பளியை அரித்துத் தின்னும் நுண்ணுயிர்களால் உப்பில் வாழ முடியாது; வெளிச்சமும் அங்கே இல்லை. ஆகவே மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய பச்சையும் நீலமும் பழுப்பும் இன்றும் கண்ணுக்குத் தெரிகின்றன. நூற்றுக்கணக்கான துண்டுகள் வியன்னாவின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பழையவை ஏறத்தாழ கி.மு. 1600 முதல் 1200 வரையிலான வெண்கலக் காலத்தைச் சேர்ந்தவை, பிந்தியவை கி.மு. 850க்குப் பிறகான இரும்புக் காலத்தைச் சேர்ந்தவை. பெரும்பாலானவை உள்ளங்கை அளவுக் கந்தல்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். உடுத்திப் பழசாகி, பிறகு கட்டவும் துடைக்கவும் சுரங்கத்துக்கு வந்தவை அவை.

அந்தக் கந்தல்களில் எனக்கு மிகவும் பிடித்தது சாயமே இல்லாமல் கட்டம் காட்டும் துணி. நூல் நூற்கும்போது கதிரை ஒரு பக்கமாகச் சுற்றினால் வலமுறுக்கு, மறுபக்கமாகச் சுற்றினால் இடமுறுக்கு. ஹால்ஸ்டாட் நெசவாளி பாவில் சில இழைகளை வலமுறுக்காகவும், அடுத்த சில இழைகளை இடமுறுக்காகவும் கட்டி, ஊடையிலும் அதே கணக்கை வைத்து நெய்திருக்கிறாள். எல்லாம் ஒரே நிறம். ஆனால் இரண்டு முறுக்கும் வெளிச்சத்தை வெவ்வேறு கோணத்தில் திருப்புவதால், துணியைச் சற்றே சாய்த்துப் பிடித்தால் கட்டம் எழுந்து வரும். நேராகப் பிடித்தால் மறைந்துவிடும். நூற்பவளும் நெய்பவளும் தறியில் பாவு ஏறுவதற்கு வெகு முன்னரே கலந்து பேசி முடிவு செய்தாலொழிய இது கைகூடாது. இருவரும் ஒருத்தியாகவே இருந்திருக்கலாம். ‘அவள்’ என்று எழுதுவதற்கு ஓர் ஆதாரம் உண்டு: ஹங்கேரியின் சோப்ரோன் நகருக்கருகே ஒரு மேட்டுக் கல்லறையில் கிடைத்த அதே காலத்து மண்பாண்டத்தில், ஒரு பெண் கதிரால் நூற்பதும் இன்னொரு பெண் நின்றுகொண்டு தறியில் நெய்வதும் கீறப்பட்டிருக்கின்றன.

அந்தத் தறி நம் குழித்தறி போன்றதன்று. இரண்டு கால்களை நட்டுச் சுவரில் சாய்த்து, மேலே ஒரு குறுக்குக் கழியில் பாவைக் கட்டித் தொங்கவிட்டு, கீழே இழைக்கொத்துகளில் சுட்ட மண் குண்டுகளைக் கட்டி இழுவை கொடுப்பார்கள். மரம் மக்கிப் போனாலும் குண்டுகள் வரிசையாகக் கிடப்பதைக் கொண்டு ஐரோப்பா முழுவதிலும் தறி நின்ற இடங்களைத் தொல்லியலாளர் அடையாளம் காண்கிறார்கள். இந்தத் தறியில் வெற்று நெசவுக்கு, பாவு இழைகளைப் பிரித்துத் தூக்கும் விழுதுக் கழி ஒன்று போதும். இரண்டின் மேல் இரண்டின் கீழ் என்னும் ட்வில்லுக்கு மூன்று வேண்டும். இது பெரிய இயந்திரக் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. ஆனால் யாராவது ஒருவர் உட்கார்ந்து எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

இனி, இந்தத் துணியை நெய்தவர்கள் கெல்ட்டியரா? கெல்ட்டியர் என்பது முதன்மையாக ஒரு மொழிக் குடும்பத்தின் பெயர். கெல்ட்டிய மொழியில் எழுதப்பட்டவற்றுள் மிகப் பழையவை வட இத்தாலியின் ஏரிப் பகுதியில் கிடைத்த லெப்போன்டிக் கல்வெட்டுகள், அவை கி.மு. ஆறாம் நூற்றாண்டை ஒட்டித் தொடங்குகின்றன. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கெல்ட்டியரைப் பற்றி எழுதியது கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில். ஹால்ஸ்டாட் சுரங்கத்தின் வெண்கலக் காலத் துணிகளோ இவற்றுக்கு எழுநூறு, எண்ணூறு ஆண்டு மூத்தவை. அவற்றை நெய்தவர்கள் ஓர் எழுத்தையும் விட்டுச் செல்லவில்லை. இரும்புக் கால ஹால்ஸ்டாட் பண்பாட்டின் மேற்குப் பகுதியில் கெல்ட்டிய மொழி பேசியவர்கள் இருந்தார்கள் என்பது நியாயமான ஊகம். வெண்கலக் காலக் கந்தலின் மேல் அதே பெயரை ஒட்டுவது ஊகத்தின் மேல் ஊகம்.

கெல்ட்டியர் கட்டமும் பட்டையும் விரும்பி உடுத்தினர் என்பதில் எனக்கு ஐயமில்லை. கி.மு. முதல் நூற்றாண்டில் எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ், கால் நாட்டார் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதியின் கெல்ட்டியர்) பல நிறச் சாயமேற்றிய மேலாடையும், ‘பிராக்கே’ என்று அவர்கள் சொல்லும் காற்சட்டையும் அணிவதையும், நெருக்கமான பல நிறக் கட்டங்கள் கொண்ட போர்வையை ஊசிக்கொக்கியால் தோளில் மாட்டிக்கொள்வதையும், அது குளிர்காலத்துக்குக் கனமாகவும் கோடைக்கு மெல்லியதாகவும் இருப்பதையும் விவரிக்கிறார். கி.பி. 79இல் இறந்த ரோம எழுத்தாளர் பிளினி, பல நிற ஆடைக்குப் பாபிலோனையும் பல இழை நெசவுக்கு அலெக்சாந்திரியாவையும் சொல்லிவிட்டு, துணியைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பதைக் கால் நாட்டின் பெயரில் எழுதிவைத்தார். ரோமருக்குக் கட்டத்துணி கால் நாட்டாரின் அடையாளமாகத் தெரிந்தது என்பதற்கு இவை சான்று. கட்டத்தைக் கெல்ட்டியர்தான் கண்டுபிடித்தார்கள் என்பதற்கு இவை சான்றாகா. ரோமர் தம் வடக்கு எல்லையில் முதலில் யாரைப் பார்த்தார்களோ அவர்கள் பெயரில் எழுதினார்கள், அவ்வளவே.

எல்லைக்கு அப்பாலும் அதே துணி இருந்தது. டென்மார்க்கின் ஹுல்ட்ரமோஸ சதுப்பில் 1879இல் கிடைத்த பெண்ணின் பாவாடையிலும் கழுத்துத் துணியிலும் கட்டம் இருக்கிறது. சதுப்பின் அமிலம் எல்லாவற்றையும் பழுப்பாக்கியிருந்தாலும், பாவாடை முதலில் நீலமாகவும் கழுத்துத் துணி சிவப்பாகவும் இருந்தன என்று ஆய்வில் தெரியவந்தது. சுவீடனில் யேரும் மலைச் சதுப்பில் 1920இல் கிடைத்த நீள்வட்டப் போர்வை, இன்று கோட்டுத் துணிகளில் காணும் நாய்ப்பல் கட்டத்தில் நெய்யப்பட்டது. இரண்டும் கி.மு. கடைசி நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. கிடைத்த இடங்கள் கெல்ட்டிய மொழி வழங்காத வடநாடுகள்.

கெல்ட்டியரின் பெயர்ச்சிகள் கற்பனையல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். கி.மு. 390ஐ ஒட்டி அவர்கள் ரோமைச் சூறையாடினார்கள், கி.மு. 279இல் கிரேக்கத்தின் டெல்ஃபி வரை இறங்கினார்கள்; அடுத்த ஆண்டே பித்தினியா மன்னன் நிக்கோமீடிஸ் அழைத்ததன் பேரில் மூன்று குலங்கள் ஆசியா மைனருக்குள், அதாவது இன்றைய துருக்கிக்குள், நுழைந்து, இன்றைய அங்காராவைச் சுற்றிய மேட்டுநிலத்தில் குடியேறின. கலாத்தியா என்ற பெயர் அவர்களால் வந்தது. கி.பி. நான்காம் நூற்றாண்டு வாக்கில் கூட அவர்கள் பேச்சு ஜெர்மனியின் ட்ரியர் பகுதி மக்களின் பேச்சைப் போல இருந்தது என்று புனித ஜெரோம் எழுதியிருக்கிறார். கவனிக்க வேண்டியது, இந்தப் பெயர்ச்சியை நாம் அறிவது குலப்பெயர், ஊர்ப்பெயர், மன்னர்களின் உடன்படிக்கை, அண்டை நாட்டாரின் எழுத்து ஆகியவற்றால், துணியால் அன்று. வரலாறு அறிந்த கெல்ட்டியர் கிழக்கே போன கடைசி எல்லையும் அதுதான். அங்காராவிலிருந்து ஹாமி இன்னும் ஐயாயிரம் கிலோமீட்டர் அளவுக்குத் தொலைவு. ஹாமித் துணியோ இந்தப் பெயர்ச்சிக்கு எழுநூறு ஆண்டு மூத்தது. காலக்கணக்கு ஒன்றே போதும், ‘சீனத்தில் கெல்ட்டியர்’ என்னும் கதை நிற்காது.

ஆனாலும் அந்த ஒற்றுமை வெறும் கண்மயக்கு என்று தள்ளிவிட நான் தயாராக இல்லை. ஹாமிக்கு அருகே கிசில்சோக்கா என்னும் இடுகாட்டில் 1978இல் கிடைத்த துணிகள் ஏறத்தாழ கி.மு. 1000ஐ ஒட்டியவை. பண்டைத் துணி ஆய்வில் பெயர் பெற்ற எலிசபெத் வேலண்ட் பார்பர் 1990களில் அவற்றைப் பார்த்துவிட்டு, ஹால்ஸ்டாட் துணியோடு நெசவும் கனமும் கட்டத்தின் போக்கும் ஒத்திருக்கின்றன என்று எழுதினார். அவர் முன்வைத்த விளக்கம், இரண்டு இடத்தாரும் ஒரு பொதுவான மேற்கத்திய மூத்த மரபிலிருந்து பிரிந்தவர்களாகலாம் என்பது. பத்திரிகைகள் அதைக் ‘கெல்ட்டிய மம்மி’ என்று சுருக்கின. அண்ணன் தம்பி என்று சொன்னதை அப்பா மகன் என்று கேட்டுக்கொண்ட கதைதான்.

இந்த இடத்தில் மொழியியலாரின் ஒரு பழைய விதி உதவுகிறது. ஹாமிக்குத் தென்மேற்கே உள்ள தாரிம் வடிநிலத்தில் பிற்காலத்தில், கி.பி. ஐந்தாம் நூற்றாண்டு தொடங்கி, இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்த தொக்காரிய மொழியில் எழுதிய ஏடுகள் கிடைத்திருக்கின்றன. நூறு என்பதற்கு அதில் ‘கந்தெ’, கெல்ட்டிய மொழிகளில் ஒன்றான வேல்ஸ் மொழியில் ‘கன்ட்’, சமற்கிருதத்திலோ ‘சதம்’. ககரம் இரண்டு கோடியிலும் நின்றிருப்பதைப் பார்த்ததும், தொக்காரியர் கெல்ட்டியரின் கிளை என்று சிலர் துள்ளினார்கள். ஆனால் கூட்டாகப் பழையதை வைத்திருப்பது நெருங்கிய உறவுக்குச் சான்றாகாது. பழைய வீட்டுப் பாத்திரத்தை இரண்டு பங்காளிகளும் தூக்கி எறியாமல் வைத்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். கூட்டாகப் புதிதாக ஒன்றைச் செய்திருந்தால், அதுவும் வேறு யாரும் செய்யாத விசித்திரமான ஒன்றாக இருந்தால், அப்போதுதான் இருவரும் பிரிந்த பிறகும் சேர்ந்திருந்தார்கள் என்று வாதிடலாம். துணிக்கும் இதே விதியைப் பொருத்துகிறேன். கம்பளி, ட்வில், கட்டம் மூன்றும் வடக்கு யுரேசியா முழுவதும் பரவிய பொதுச்சொத்து, ஹாமிக்கு மேற்கே துர்பான் பகுதியின் யாங்ஹாய் இடுகாட்டில் கிடைத்த, உலகின் மிகப் பழைய காற்சட்டைகளிலும் ட்வில் நெசவு இருக்கிறது, அவை கி.மு. 13 முதல் 10ஆம் நூற்றாண்டு வரையிலானவை, குதிரையேறுவதற்காகத் தைத்தவை. பொதுச்சொத்தை வைத்து நெருங்கிய உறவை நிறுவ முடியாது. துணியின் தொடக்கக் கரையை எப்படி நெய்து தறியில் கட்டினார்கள், பாவு முனையை எப்படி முடிந்தார்கள் என்பன போன்ற, கண்ணுக்கு அழகு சேர்க்காத கைப்பழக்கங்கள்தாம் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். ஒற்றுமையை அங்கே தேட வேண்டும். கட்டத்தைச் சந்தையில் பார்த்த எவரும் வீட்டுக்கு வந்து நெய்துவிடலாம். கரையை எப்படித் தொடங்கினாள் என்பது பக்கத்தில் உட்கார்ந்து கற்றவளுக்குத்தான் தெரியும்.

மரபணு ஆய்வும் ஓர் எச்சரிக்கையைத் தந்தது. 2021இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு, தாரிம் வடிநிலத்தில் கி.மு. 2100 முதல் 1700 வரை வாழ்ந்த 13 பேரின் மரபணுவைப் படித்தது. மேற்கிலிருந்து வந்த புல்வெளி மேய்ப்பர்களின் வழித்தோன்றல்கள் என்று பலரும் நம்பியிருந்த அவர்கள், பனியுகத்திலிருந்தே வட ஆசியாவில் இருந்த மிகப் பழைய மக்களின் மரபினர் என்று தெரிந்தது. அயல் மக்களோடு அவர்கள் கலந்ததாகவே தெரியவில்லை. ஆனால் அவர்கள் கல்லறைகளில் கம்பளிப் போர்வை இருக்கிறது, கோதுமை இருக்கிறது, பற்காரையில் கால்நடைப் பாலின் புரதம் இருக்கிறது. ஆடும் பாலும் கோதுமையும் வெளியிலிருந்து வந்திருக்கின்றன, அவற்றைக் கொண்டுவந்த மக்கள் அங்கே கலக்கவில்லை. இவர்கள் கிசில்சோக்காக் கட்டத்துணிக்கு எழுநூறு ஆண்டுக்கு மேல் முந்தியவர்கள் என்பதால் இந்த முடிவை அப்படியே அங்கே தூக்கி வைக்க முடியாது. ஆனால் பொருள் வந்தால் ஆளும் வந்திருக்க வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதற்கு இனி இடமில்லை.

அப்படியானால் கட்டம் ஏன் இவ்வளவு இடங்களில் தலைகாட்டுகிறது? விடை பெரும்பகுதி ஆட்டிடம் இருக்கிறது. ஆளிச்செடியின் நாரில் சாயம் எளிதில் ஏறாது. கம்பளி சாயத்தைக் குடிக்கும். ரோமம் வெளுத்த ஆடுகள் வளர்ப்பில் நிலைபெற்ற பிறகு, மந்தையிலேயே வெள்ளை, பழுப்பு, கறுப்பு என்று மூன்று நிற நூல் செலவில்லாமல் கிடைத்துவிடுகிறது. நான்காவதாக நீலத்துக்கு வோடு என்னும் செடியின் இலையைப் புளிக்கவைத்தார்கள். அந்த இலையில் இருக்கும் நிறப்பொருளும் நம் அவுரியில் இருப்பதும் வேதியியல்படி ஒன்றே. மஞ்சள் தரும் செடியின் சாயத்தில் தோய்த்த நூலை மறுபடி நீலத்தில் தோய்த்தால் பச்சை. இரண்டு நிற நூல் கையில் இருக்கிறவர் பாவில் மாற்றி மாற்றிக் கட்டினால் பட்டை. ஊடையிலும் மாற்றினால் கட்டம். கூடுதல் கருவி எதுவும் வேண்டாம். இவ்வளவு மலிவான அழகை ஒரே ஓர் இனம்தான் கண்டுபிடித்து உலகுக்கு வழங்கியது என்று நினைப்பதுதான் வியப்பு. ட்வில் என்னும் நுட்பம் மேற்கிலிருந்து கிழக்கே கைமாறிப் போயிருக்கலாம் என்பதை ஏற்கிறேன். கட்டம் பல இடங்களில் தானாகவே முளைத்திருக்கும்.

ரோமர் கால் நாட்டை வென்ற பிறகு நிலைமை மாறியது. அதற்குப் பிறகு துணி ஆட்களைத் தொடர்ந்து போகவில்லை, விலையைத் தொடர்ந்து போனது. கால் நாட்டாரின் போர்வைப் பெயரான ‘சாகும்’ ரோமப் படைவீரனின் போர்வைக்கே பெயராகிவிட்டது. லியோன் நகரில் பிறந்த ஒரு பேரரசருக்குக் கரகல்லா என்னும் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது அவர் பரப்பிய கால் நாட்டு மேலங்கியின் பெயரால். கி.பி. 301இல் ரோமப் பேரரசர் டையோக்ளீஷியன் வெளியிட்ட விலை ஆணையில் கால் நாட்டு ஆடைகளும் பிரித்தானியக் குல்லாய்ப் போர்வையும் பெயர் சொல்லி விலை குறிக்கப்பட்டிருக்கின்றன. சிரியாவின் கடைத்தெருவில் அதை வாங்கி உடுத்தியவரைக் கெல்ட்டியர் என்று எந்தத் தொல்லியலாளரும் சொல்லமாட்டார்.

தார்த்தானுக்கு வருகிறேன். ஸ்காட்லாந்தின் ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு கட்டம் என்னும் வழக்கம் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவானது. 1746ஆம் ஆண்டுச் சட்டம் மலைநாட்டு ஆடையைத் தடை செய்தது; 1782இல் தடை நீங்கியது; 1815இல் லண்டனில் இருந்த மலைநாட்டுச் சங்கம் குலத்தலைவர்களிடம் உங்கள் குலத்தின் கட்டத்தை அனுப்புங்கள் என்று கேட்டபோது, பலருக்குத் தம் குலத்துக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது வரவேற்பை ஏற்பாடு செய்த நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் எல்லோரையும் தார்த்தானில் வரச்சொன்னார். பானக்பர்ன் ஊரின் வில்சன் நெசவாலைக்குக் கை ஓயாத வேலை. 1842இல் வெளியான, குலக்கட்டங்களின் பழஞ்சுவடி என்று சொல்லப்பட்ட நூல் ஒரு மோசடி. குலப்பெயர்க் கதை இவ்வளவுதான்.

ஆனால் துணி அதைவிட வெகு பழையது. கிளென் அஃப்ரிக் பள்ளத்தாக்கின் சதுப்பிலிருந்து 1980களின் தொடக்கத்தில் எடுத்த ஒரு துண்டு, கரிமக் கணிப்பின்படி கி.பி. 1500க்கும் 1600க்கும் இடைப்பட்டது. பச்சை, பழுப்பு, சிவப்பு, மஞ்சள் அதில் தெரிகின்றன. அதற்கும் ஆயிரத்து முந்நூறு ஆண்டு முன்னால், ஃபால்கர்க் ஊரில் யாரோ ஒருவர் 1,900க்கும் மேற்பட்ட ரோம வெள்ளிக் காசுகளை ஒரு மண்பானையில் இட்டுப் புதைத்தார். கடைசிக் காசு கி.பி. 230ஐ ஒட்டியது. 1933இல் பானை வெளிப்பட்டபோது அதன் வாயை அடைத்திருந்தது ஒரு சிறு கம்பளித் துண்டு: ட்வில் நெசவு, வெளிர் நிறமும் அடர்பழுப்புமாக இரண்டே நிறம், இரண்டும் ஆட்டின் இயல்பான நிறம், சாயம் இல்லை. காசு அவருக்குத் தெற்கிலிருந்து வந்தது. துணி அநேகமாக வீட்டுத் தறியில் நெய்தது, கிழிந்த பிறகு மூடியாகப் பயன்பட்டது.